சோள வரிசைகளை எண்ணிய பையன்

"எங்களுக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?"

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்ற அப்பா அம்மா ராத்திரி தூக்கம் வராமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பிள்ளை சின்னவனாக இருக்கும்போது கவலைகள் வேறு. பேச்சு வருமா, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா, மற்ற பிள்ளைகளோடு விளையாடுவானா என்று இருக்கும். மீசை அரும்பத் தொடங்கியதும் கேள்விகள் மாறிவிடும். தனியாக பஸ் ஏறுவானா? காசை எண்ணி வாங்குவானா? யாராவது ஏமாற்றிவிட்டால்? ஒரு வேலையில் நிலைப்பானா?

ஆஸ்பெர்ஜர் வகைப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் குழப்பமானது. பரீட்சையில் நல்ல மார்க் எடுப்பார்கள். நாலு நூற்றாண்டுத் தேதிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் கடைக்காரர் "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்பார்கள். மார்க்கைப் பார்த்து ஊர் பாராட்டும். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பயம் தெரியும்.

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1938-ல் ஒரு டாக்டரின் குறிப்பேட்டில் ஐந்து வயதுப் பையனாக நுழைந்து, 2023-ல் 89 வயதில் இறந்த ஒரு மனிதரின் வாழ்க்கைதான் அது. பெயர் டொனால்டு ட்ரிப்ளெட். மருத்துவ உலகம் 'ஆட்டிசம்' என்று பெயர் சூட்டி எழுதிய முதல் கட்டுரையின் முதல் கேஸ் இவர்தான்.

ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்காட் கவுண்டியில் ஃபாரஸ்ட் என்று ஒரு ஊர். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர். அங்கே 1933 செப்டம்பர் 8-ந் தேதி டொனால்டு பிறந்தான். அப்பா பீமன் ட்ரிப்ளெட், யேல் பல்கலைக்கழகத்தில் படித்த வக்கீல். அம்மா மேரியின் குடும்பம் அந்த ஊர் வங்கியை நடத்திய குடும்பம். ஊரில் செல்வாக்கான வீடு.

பையன் வித்தியாசமாக வளர்ந்தான். அம்மா சிரித்தால் திரும்பச் சிரிக்கமாட்டான். அப்பா வீட்டுக்குள் வந்தால் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் ஒருவரை அழைத்து வந்தபோதும் கவனிக்கவில்லை. ஆனால் ஒரு வட்டத் தட்டைத் தரையில் சுழலவிட்டால் போதும், மணிக்கணக்கில் அதையே பார்த்து மகிழ்வான். அந்தச் சுழற்சியை யாராவது தடுத்தால் வீடே அதிரும்படி அழுவான்.

இன்னொரு பக்கம், ஒரு வயதிலேயே பாட்டுகளைச் சுருதி பிசகாமல் பாடினான். இரண்டு வயதில் பைபிளின் 23-ம் சங்கீதம் முழுவதையும் ஒப்பித்தான். கிறிஸ்தவ வேதபாடக் கேள்வி பதில்கள் 25-ஐயும் மனப்பாடமாகச் சொன்னான். அமெரிக்க ஜனாதிபதிகளின் படங்களைப் பார்த்துப் பெயர் சொன்னான்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைய டாக்டர்களுக்குத் தெரியவில்லை. அன்று வழக்கமாகச் சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றுதான்: வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதியில் விட்டுவிடுங்கள். 1937-ல், நாலு வயது முடிவதற்குள், டொனால்டு ஒரு விடுதியில் சேர்க்கப்பட்டான். காசநோய் ஆபத்துள்ள குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட இடம் அது. பெற்றோர் மாதம் இரண்டு முறைதான் பார்க்கலாம்.

அங்கே பையன் உறைந்துபோனான். சாப்பாட்டைத் தொடவில்லை. எதிலும் ஈடுபாடு காட்டாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வருடம் பார்த்தார்கள் பெற்றோர். விடுதி இயக்குநர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. 1938-ல் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவன் பெரியவனான கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

33 பக்கக் கடிதம்

பால்டிமோர் நகரத்தின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் இருந்தார். ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் பிறந்து 1924-ல் அமெரிக்காவுக்கு வந்தவர். அவருக்கு அப்பா பீமன் தன் மகனைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். டைப் செய்யப்பட்ட 33 பக்கங்கள்! பையன் எப்போது என்ன சொன்னான், எதற்கு அழுதான், எதை எப்படி அடுக்கினான் என்று எல்லாம் அதில் இருந்தது. 1938 அக்டோபரில் டொனால்டை பால்டிமோருக்கு அழைத்துப் போனார்கள்.

கானர் இந்த மாதிரி ஒரு பிள்ளையை முன்பு பார்த்ததில்லை. அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டவும் இல்லை. அடுத்த சில வருடங்களில் இதே சாயலில் மேலும் பத்துப் பிள்ளைகளைப் பார்த்தார். 1943-ல் 11 பிள்ளைகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். முதல் கேஸ், டொனால்டு டி. ஆட்டிசம் என்ற சொல்லை சுவிஸ் மருத்துவர் யூஜின் பிளாய்லர் ஏற்கெனவே மனச்சிதைவு நோயைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியிருந்தார். அதைக் குழந்தைகளிடம் காணும் ஒரு தனி நிலைக்குப் பெயராக நிலைநிறுத்தியது கானரின் கட்டுரைதான்.

அந்தக் கட்டுரையின் பெரும் பலம் அந்த அப்பாவின் கடிதம். தினசரி கவனித்து எழுதிவைத்த ஒரு தகப்பனின் குறிப்பு மருத்துவ வரலாற்றின் ஆவணமாகிவிட்டது.

லூயிஸ் தம்பதியின் பண்ணை

பெயர் வைத்தாயிற்று. ஆனால் பெயர் வைத்தால் பிள்ளை வளர்ந்துவிடுவானா?

1942-ல், ஒன்பது வயதில், டொனால்டை ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி இருந்த ஒரு பண்ணை வீட்டில் தங்கவைத்தார்கள். அங்கே இருந்தது பிள்ளைகள் இல்லாத ஒரு விவசாயத் தம்பதி. லூயிஸ் என்பது குடும்பப் பெயர். அவர்கள் மனநல நிபுணர்கள் இல்லை. சிறப்புக் கல்வி என்ற வார்த்தையையே கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். மூன்று வருடங்கள் பையன் அவர்களிடம் இருந்தான். பெற்றோர் அடிக்கடி போய்ப் பார்த்து வந்தார்கள்.

1945-ல் கானர் நேரில் அங்கே போனார். அவர் பார்த்ததைப் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஆட்டிசம் வரலாற்றிலேயே முக்கியமான சில வரிகள் அவை என்று தாராளமாகச் சொல்லலாம்.

டொனால்டுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்கவேண்டும். லூயிஸ் தம்பதி "அளக்காதே" என்று சொல்லவில்லை. ஒரு கிணறு தோண்டச் சொன்னார்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவனையே அளந்து சொல்ல வைத்தார்கள்.

செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்தான். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. தோட்டத்தில் ஒரு மூலையைக் காட்டி, "இது உன் கல்லறைத் தோட்டம்" என்று கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் புதைத்துப் பலகை நட்டான். நத்தை செத்தால் அதற்கு ஒரு முதல் பெயர், நடுவில் 'நத்தை', கடைசியில் பண்ணைக்காரரின் குடும்பப் பெயர். பிறந்த தேதி தெரியவில்லை என்று ஒரு குறிப்பு. இறந்த தேதியாக, கண்டெடுத்த தேதி. சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் கவனியுங்கள். எழுதுவது, தேதி போடுவது, ஒழுங்காகப் பதிவு வைப்பது எல்லாம் அதற்குள் நடந்துவிட்டது.

மூன்றாவது, சோள வரிசை. வயலில் இருந்த மக்காச்சோள வரிசைகளை டொனால்டு திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தான். லூயிஸ் என்ன செய்தார்? கையில் ஏரைக் கொடுத்தார். "உழுதுகொண்டே எண்ணு." கானர் போயிருந்த அன்று, பையன் குதிரை பூட்டிய ஏரைப் பிடித்து ஆறு நீளமான சால் ஓட்டினான். குதிரையையும் ஏரையும் அவன் கையாண்ட விதத்தைக் கண்டு கானர் வியந்துபோனார்.

இதில் என்ன பெரிய விஷயம்? பழக்கத்தைப் பிடுங்கி எறிவதற்குப் பதில், அந்தப் பழக்கத்தின் நுனியில் ஒரு வேலையைக் கட்டிவிட்டார்கள். எண்ணுவது அவனுக்கு ஆறுதல். உழுவது பண்ணைக்கு உபயோகம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. பையன் தோற்கவில்லை, பண்ணையும் நஷ்டப்படவில்லை.

பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அங்கே அவன் குணங்களைப் பெரிதுபடுத்தாமல் சேர்த்துக்கொண்டார்கள். படிப்பிலும் முன்னேறினான்.

செங்கல் கணக்கு

மூன்று வருடம் கழித்து டொனால்டு வீடு திரும்பினான். பதின்ம வயதில் கடுமையான மூட்டுவாதம் வந்து உயிருக்கே ஆபத்தாகி, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு தேறினான். பிறகு ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தான்.

அந்தப் பள்ளிக்கால நிகழ்ச்சி ஒன்று பல வருடங்கள் ஊரில் கதையாக உலவியது. சில பையன்கள் அவனிடம் பள்ளிக் கட்டிடத்தைக் காட்டி, "இதில் எத்தனை செங்கல் இருக்கிறது, சொல் பார்க்கலாம்" என்று கேட்டார்களாம். அவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பட்டென்று ஒரு எண்ணைச் சொன்னான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். 'டொனால்டு ஒரு மேதை' என்று பேச்சு பரவியது.

அறுபது வருடத்துக்கு மேல் கழித்து, ஜான் டான்வன், கேரன் ஜக்கர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள். 2010-ல் அட்லாண்டிக் இதழில் அவரைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதியவர்கள் இவர்கள்தான். செங்கல் கணக்கு எப்படி என்று கேட்டபோது டொனால்டு உண்மையைச் சொன்னார். அந்த எண்ணை அவர் எண்ணிச் சொல்லவே இல்லை. சும்மா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். ஏன்? அந்தப் பையன்கள் தன்னை நல்லவிதமாக நினைக்கவேண்டும் என்பதற்காக!

இந்த ஒரு பதில், பல பாடப்புத்தகங்களைவிட அதிகம் சொல்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்கள் மேல் அக்கறையே கிடையாது, தனிமைதான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று பல காலம் எழுதிவந்தார்கள். இங்கே ஒரு டீன் ஏஜ் பையன், சக மாணவர்களின் மதிப்பைப் பெற வழி தேடியிருக்கிறான். நட்பை எப்படிக் கேட்பது என்று தெரியாததால் எண்ணைக் கொண்டு கேட்டிருக்கிறான். வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்து கிரிக்கெட் ஸ்கோரை மட்டும் ஒப்பிக்கும் பையனும் ஒருவேளை அதைத்தான் கேட்கிறானோ என்னவோ.

கவுண்டருக்குப் பின்னால் 65 ஆண்டுகள்

பள்ளி முடித்து ஒரு ஜூனியர் காலேஜில் இரண்டு வருடம். பிறகு ஜாக்சன் நகரத்தின் மில்சாப்ஸ் கல்லூரி. அங்கே பிரெஞ்சு எடுத்துப் படித்து 1958-ல் பட்டம் வாங்கினார். ஆண்கள் பாடகர் குழுவிலும் இருந்தார். சுருதி பிடிக்க ஊதுகுழல் தேவைப்படவில்லையாம். வேண்டிய ஸ்வரத்தைக் குழுத் தலைவர் டொனால்டிடமே கேட்டு வாங்கிக்கொள்வார்.

பட்டம் வாங்கி ஊருக்குத் திரும்பியவர் அதே 1958-ல் ஃபாரஸ்ட் வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். குடும்ப வங்கி. காசாளர் வேலை. அதன்பின் 65 ஆண்டுகள் அந்த வங்கியோடுதான் அவர் வாழ்க்கை.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ஒன்று உடனே புரியும். வங்கிக் கவுண்டர் என்பது விதிகளால் ஆன இடம். படிவம், கையெழுத்து, தொகை, முத்திரை, பேரேடு, சாயந்திரம் கணக்கு நேராகவேண்டும். வாடிக்கையாளரோடு பேச்சு உண்டு, ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு ஆரம்பமும் முடிவும் இருக்கிறது. எதிரில் நிற்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிக்கவேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று செலான் சொல்லிவிடும். சோள வரிசைகளை எண்ணிய பையனுக்கு இதைவிடப் பொருத்தமான நாற்காலி கிடைத்திருக்குமா?

1970-ல் அம்மா மேரி கானருக்கு மகனைப் பற்றி எழுதினார். அப்போது டொனால்டுக்கு 36 வயது. அதில் இருந்த விவரங்கள் சுவாரசியமானவை. வங்கியில் மக்களை நன்றாகவே சந்திக்கிறான். பதவி உயர்வில் ஆசை இல்லை. வாரத்தில் நாலைந்து நாள் கோல்ஃப் ஆடுகிறான், உள்ளூர்ப் போட்டிகளில் கோப்பைகளும் வாங்கியிருக்கிறான். ஊரின் சேவைச் சங்கம் ஒன்றில் ஒரு முறை தலைவராக இருந்தான். சொந்தக் கார் ஓட்டுகிறான். தன் அறையில் தன் புத்தகங்கள், ரெக்கார்டு பிளேயர், டிவி. சீட்டாட்டம் சுமாராக ஆடுவான், ஆனால் தானாகப் போய் ஆட்டத்தை ஆரம்பிக்கமாட்டான். எதையும் தானாக முன்வந்து தொடங்காததுதான் பெரிய குறை. பொதுவான அரட்டையில் கலந்துகொள்வது குறைவு.

பெற்ற தாய், மிகைப்படுத்தாமல் மறைக்காமல் எழுதிய மதிப்பீடு இது. மகன் 'குணமாகிவிட்டான்' என்று எழுதவில்லை. அவன் அவனாகவே இருந்துகொண்டு ஒரு முழு வாழ்க்கை வாழ்கிறான் என்று எழுதினார்.

கார் விஷயம் தனியாகச் சொல்லவேண்டியது. மற்றவர்கள் பதினாறு வயதில் கார் ஓட்டும் நாட்டில், டொனால்டு கற்றுக்கொண்டது 27 வயதில். முப்பதுகளின் நடுவில் உலகம் சுற்றவும் ஆரம்பித்தார். தனியாக! 28 வெளிநாடுகள், அமெரிக்காவின் 36 மாநிலங்கள், ஹவாய்க்கு மட்டும் 17 முறை. ஒரு பயணம் ஆறு நாளைத் தாண்டாது. போன இடத்தில் யாரோடும் நட்பு தேடமாட்டார். பார்க்க நினைத்ததைப் பார்த்து, போட்டோ எடுத்து, திரும்பிவிடுவார். விடுதியில் உறைந்துபோயிருந்த நாலு வயதுப் பிள்ளை இஸ்தான்புல் தெருவில் தனியாக நடப்பான் என்று 1937-ல் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா?

வளர்ச்சிக்கு ஒரு கால அட்டவணை உண்டு என்று நாம் நினைக்கிறோம். இந்த வயதில் இது வரவில்லை என்றால் இனி வராது என்று முடிவு கட்டிவிடுகிறோம். டொனால்டின் வாழ்க்கை அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுகிறது.

பெற்றோர் போட்ட ஏற்பாடு

"எங்களுக்குப் பிறகு?" என்ற கேள்விக்கு ட்ரிப்ளெட் குடும்பம் சட்டப்படியும் ஒரு பதில் வைத்திருந்தது. டொனால்டுக்காக ஒரு டிரஸ்ட். ஒருமுறை ஏற்படுத்திவிட்டால் நினைத்தபோது மாற்றவோ கலைக்கவோ முடியாத வகை. செலவுகளுக்குப் பணம் அதிலிருந்து வரும். முதலில் கைவைக்க அவராலும் முடியாது, அவரை ஏமாற்ற வருகிறவர்களாலும் முடியாது.

1980-களில் பெற்றோர் இருவருமே காலமானார்கள். டொனால்டு அதே வீட்டில் தனியாக வாழ்ந்தார். காலையில் காப்பிக் கடையில் நண்பர்கள், நடை, கோல்ஃப், டிவி. தம்பி அருகில் இருந்தார். ஊரும் இருந்தது. ஊர் என்றால் சும்மா இல்லை. அந்தப் பத்திரிகையாளர்கள் விசாரிக்க வந்தபோது, "அவருக்கு ஏதாவது கெடுதல் வந்தால் உங்களை எங்கே பிடிப்பது என்று எங்களுக்குத் தெரியும்" என்கிற தோரணையில் ஊர்க்காரர்கள் எச்சரித்தார்களாம். அதுவும் மூன்று பேர், தனித்தனியாக!

டொனால்டும் தன் பாணியில் ஊரைக் கணக்கில் வைத்திருந்தார். தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு எண் கொடுப்பார். பல வருடம் கழித்துப் பார்த்தாலும் அந்த எண்ணைச் சரியாகச் சொல்வார். அவர் எண் கொடுத்துவிட்டால் அவருடைய உலகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மற்ற பத்துப் பேர்

இங்கே கட்டுரையை முடித்துவிட்டால் அழகான கதை. ஆனால் வரலாறு அப்படி முடிவதில்லை. கானரின் கட்டுரையில் இருந்த மற்ற பத்துப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

1971-ல் கானரே தேடிப்பார்த்து எழுதினார். டொனால்டைத் தவிர நன்றாக வேரூன்றியவர் என்று சொல்ல இன்னொருவர் இருந்தார். அவர் ஒரு அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரங்களை இயக்கும் வேலையில் இருந்தார். வேறொரு பையனும் பண்ணையில் வளர்ந்து, சின்னச் சின்ன வேலைகள் செய்து பிழைத்தான். ஆனால் அரசு மனநல விடுதிகளுக்குள் போனவர்கள்? அவர்கள் ஒளி இழந்துபோனார்கள். சிறுவயதில் டொனால்டு அளவுக்கே நினைவாற்றல் காட்டிய பிள்ளைகளும் அவர்களில் உண்டு. உள்ளே போனபின் எல்லாம் மங்கியது. விடுதியில் சேர்த்தது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற கருத்துக்கே கானர் வந்தார்.

டொனால்டும் 1938-ல் அதே பாதையில்தான் இருந்தான். பெற்றோர் திரும்பிப் போய்த் தூக்கி வந்ததுதான் வித்தியாசம்.

இன்னொரு உண்மையையும் சொல்லாமல் விடக்கூடாது. தூக்கிவர அவர்களுக்கு வசதி இருந்தது. 33 பக்கம் எழுதப் படிப்பு இருந்தது. பால்டிமோர் போகப் பணம் இருந்தது. வேலை கொடுக்கச் சொந்த வங்கியே இருந்தது. அத்தோடு, அன்றைய மிசிசிப்பியில் பள்ளிக்கூடமே சட்டப்படி நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்தது. அதே ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் இதே மாதிரி ஒரு பையன் பிறந்திருந்தால் அவனுக்காக எந்தக் கானரும் குறிப்பேட்டைத் திறந்திருக்கமாட்டார். கேஸ் நம்பர் ஒன்று என்பது முதல் பிள்ளை என்று அர்த்தமில்லை. முதலில் கவனிக்கப்பட்ட பிள்ளை என்றுதான் அர்த்தம்.

வியன்னாவில் இன்னொரு டாக்டர்

கானரின் கட்டுரைக்கு அடுத்த வருடம், 1944-ல், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற குழந்தை மருத்துவர் ஜெர்மன் மொழியில் ஒரு ஆய்வை வெளியிட்டார். நன்றாகப் பேசும், ஒரே விஷயத்தில் ஆழ்ந்துபோகும், ஆனால் மற்றவர்களோடு ஒட்டத் தெரியாத பையன்களைப் பற்றியது. உலகப்போர் நேரம். உலகம் அதைக் கவனிக்கவில்லை. ஆஸ்பெர்ஜர் 1980-ல் இறந்தார். 1981-ல்தான் லார்னா விங் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'ஆஸ்பெர்ஜர் சிண்ட்ரோம்' என்ற பெயரைப் பரவலாக்கினார். இவர் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாயும்கூட. 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அது தனி இடம் பெற்றது. 2013-ல் அதே கையேட்டின் ஐந்தாம் பதிப்பு அந்தத் தனிப் பெயரை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் 'ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்' என்று ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது.

2018-ல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு அதிர்ச்சி. நாஜி ஆட்சியில் குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்குருண்ட் என்ற வியன்னா விடுதிக்கு ஆஸ்பெர்ஜர் சில பிள்ளைகளை அனுப்பிய ஆவணங்கள் வெளிவந்தன. 'இவன் பின்னால் உபயோகப்படுவான்' என்று சில பிள்ளைகளைப் பாராட்டிய அதே கை, மற்றவர்களை அனுப்பிய கடிதத்தில் கையெழுத்திட்டது. ஆகவே பலர் இந்தப் பெயரையே தவிர்க்கிறார்கள். சிறுவயது முதல் அந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள் சிலர் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு பிள்ளையின் மதிப்பு அவன் எவ்வளவு உபயோகப்படுவான் என்பதில் இல்லை. வேலைக்குத் தயார்செய்வது அவன் வாழ்க்கை நன்றாக இருக்கத்தானே தவிர, வாழும் தகுதியை நிரூபிக்க இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதை வியன்னா காட்டியிருக்கிறது.

குடும்பத்தின் கையிலிருந்து சட்டத்தின் கைக்கு

டொனால்டுக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை எல்லோருக்கும் பங்கு போட முடியாது. சட்டம்தான் அதைச் செய்யமுடியும்.

இடையில் ஒரு இருண்ட காலம் வேறு இருந்தது. பாசம் காட்டாத தாய்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பழி போட்ட காலம். அப்படிப் பேசத் தொடங்கியவர்களில் கானரும் ஒருவர் என்பது வருத்தமான விஷயம். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் அந்தப் பழியை ஊரெங்கும் பரப்பியது. பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தானும் ஆட்டிசம் உள்ள மகனின் அப்பா, 1964-லேயே இதை மறுத்து எழுதியிருந்தார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கானர், பெற்றோர்மேல் குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பெற்றோர் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கியபிறகு உரிமை கேட்கத் தொடங்கினார்கள். 1975-ல் அமெரிக்காவில் ஊனமுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி என்ற சட்டம் வந்தது. 1990-ல் அது திருத்தப்பட்டபோது இரண்டு முக்கியமான மாற்றங்கள் நடந்தன. ஒன்று, ஆட்டிசம் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது. இரண்டு, பள்ளியிலிருந்து பெரியவர் வாழ்க்கைக்கு மாறுவதற்கான திட்டம் கட்டாயமானது. இப்போதைய சட்டப்படி, பிள்ளைக்கு 16 வயதாகும்போது அவன் கல்வித் திட்டத்தில் அது எழுத்தில் இருக்கவேண்டும். அடுத்து என்ன படிப்பான், என்ன வேலைக்குப் போவான், தேவைப்பட்டால் தனியாக வாழ என்னென்ன கற்கவேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். அந்தப் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு எழுதவேண்டும்.

அதாவது, லூயிஸ் தம்பதி 1942-ல் ஏரும் குதிரையும் கொண்டு செய்ததை, பள்ளிக்கூடம் பேப்பரில் திட்டமாகப் போடவேண்டும் என்று சட்டம் சொல்ல 48 வருடங்கள் ஆயின.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்

டொனால்டின் வாழ்க்கையைக் கூட்டிக் கழித்தால் சில வரவுகள் தெளிவாகத் தெரிகின்றன. பிடிவாதப் பழக்கத்தை எதிரியாகப் பார்க்காமல், அதில் ஒரு வேலையைக் கோத்துக் கொடுத்த பெரியவர்கள். வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தாத ஒரு பள்ளிக்கூடம். விதிகள் தெளிவாக இருந்த ஒரு வேலை. பதவி உயர்வு வேண்டாம் என்றபோது அதை மதித்த ஒரு நிர்வாகம். 27 வயதானாலும் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருந்த ஒரு குடும்பம். பெற்றோர் போனபின்னும் நிற்கும் ஒரு சட்ட ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலே, அவரை நம்ம ஆள் என்று நினைத்த ஒரு ஊர்.

இந்தப் பட்டியலில் எத்தனைக்குப் பணம் வேண்டும்? டிரஸ்டுக்கு வேண்டும். வங்கி வைத்திருக்கும் குடும்பம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் மற்றவை? கிணறு தோண்டச் சொல்லி அளக்கவைத்த யோசனைக்கு ஒரு காசு செலவில்லை. ஒரு மூலையை ஒதுக்கி, 'இது உன் இடம்' என்று சொல்வதற்கும் செலவில்லை. செங்கல் எண்ணிக்கையைச் சரிபார்க்காமல், "அடேயப்பா" என்று சொல்லி அவனைத் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட பையன்களுக்கும் எதுவும் செலவாகவில்லை.

2023 ஜூன் 15-ல் டொனால்டு ட்ரிப்ளெட் அதே ஃபாரஸ்ட் ஊரில் காலமானார். உலகின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் செய்தி போட்டன. ஆட்டிசத்தின் முதல் பிள்ளை என்று எழுதின. ஊர்க்காரர்களுக்கு அந்தப் பட்டம் பெரிதில்லை. அவர்களுக்கு அவர் டான். வங்கியில் வேலை பார்த்தவர், கோல்ஃப் ஆடியவர், எல்லோருக்கும் எண் கொடுத்தவர்.